போட்டோ எடுத்தாச்சு

நம் அரசாங்கங்களுக்கு ஞாபகசக்தி கிடையாது என்று சொல்கிறவர்கள் விவரம் தெரியாதவர்கள். வெள்ளைக்காரன் காலம் தொட்டு ஆல்பம் ஆல்பமாகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். தீவுகளின் படங்கள், தீவுகளில் இறங்கிய பட்டாளத்தின் படங்கள், பட்டாளம் இறங்கியபோது அங்கே இருந்த ஆள், மரம், ஆமை, பறவை எல்லாவற்றின் படங்கள். நம்பர் போட்டு, தேதி போட்டு, பூச்சி அரிக்காமல் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். ஆளும் மரமும்தான் மிச்சமில்லை.

ஒருவர் படத்தைச் சுவரில் மாட்டி, மாலை போட்டு, கீழே சின்னதாக ஒரு சிவப்பு பல்பு எரியவிட்டால் என்ன அர்த்தம் என்று நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். அரசு ஆவணக் காப்பகமும் அந்தச் சுவர்தான். ஒரே ஒரு வித்தியாசம். வீட்டில் ஆள் போன பிறகு படம் மாட்டுவோம். அரசாங்கம் நம்மைவிட முன்யோசனை உள்ளது. முதலில் படம் எடுத்துக்கொள்ளும். பிறகு ஆளை அனுப்பிவைக்கும்.

அந்தமானில் இருந்து தொடங்குவோம். 1857 கிளர்ச்சியில் பிடித்தவர்களை அடைக்க இடம் தேவைப்பட்டது. மூவாட் என்ற டாக்டர் தலைமையில் ஒரு கமிட்டி, அந்த ஆண்டுக் கடைசியில் கல்கத்தாவிலிருந்து கப்பலேறியது. சிறை கட்ட இடம் பார்க்கப் போனவர்கள், கையோடு ஆஸ்கர் மாலிட் என்ற போட்டோகிராபரையும் கூட்டிப் போனார்கள். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட அன்றைக்கு இவ்வளவு நேர்த்தியாகப் போனதில்லை. கரையோரத்தில் தீவுக்காரர்களோடு மோதல் நடந்தது. ஒரு இளைஞரைப் பிடித்துக் கப்பலில் ஏற்றினார்கள். அவருக்கு ஜாக் என்று பெயர் வைத்தார்கள். கல்கத்தாவுக்குக் கொண்டுபோய், உடுப்பு மாட்டிவிட்டு, படம் எடுத்தார்கள். நகரத்தின் காற்றும் கூட்டமும் அவரை நோயில் தள்ளின. திரும்பவும் கப்பலேற்றிக் கரையில் இறக்கிவிட்டு வந்தார்கள். அவருடைய சொந்தப் பெயர் என்ன, அவர் பிழைத்தாரா என்பதெல்லாம் கமிட்டியின் வேலை இல்லை. படம் இருக்கிறது. போதாதா?

1858 மார்ச்சில் 200 கைதிகளோடு போர்ட் பிளேரில் தண்டனைக் குடியிருப்பு தொடங்கியது. 1859 மே 17 அன்று அந்தமானியர் வில்லும் அம்புமாக அபெர்தீனில் வந்து மோதினார்கள். எதிரே துப்பாக்கி. முடிவு என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. பிறகு அவர்களை "அந்தமான் இல்லங்கள்" என்ற பெயரில் சேர்த்துவைத்து நாகரிகம் கற்பித்தார்கள். நாகரிகத்தோடு தட்டம்மையும் மேகநோயும் இலவசம்.

இந்தக் கதையின் பெரிய கலைஞர் மாரிஸ் விடால் போர்ட்மன். 1879-லிருந்து சுமார் இருபது ஆண்டுகள் அந்தமானியருக்குப் பொறுப்பான அதிகாரி. 1880-இல் வடக்கு சென்டினல் தீவில் ஆயுதம் தாங்கிய கூட்டத்தோடு இறங்கி, ஒரு கிழவர், ஒரு கிழவி, நான்கு குழந்தைகள் என ஆறு பேரைத் தூக்கி வந்தார். போர்ட் பிளேரில் ஆறு பேருக்கும் உடம்புக்கு முடியாமல் போனது. கிழவரும் கிழவியும் செத்தார்கள். குழந்தைகளைப் பரிசுப் பொருட்களோடு திரும்பக் கொண்டுபோய்த் தீவில் விட்டார். அந்தத் தீவுக்காரர்கள் இன்றும் யார் வந்தாலும் அம்பு விடுகிறார்கள் என்று உலகமே ஆச்சரியப்படுகிறது. ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அவர்களுக்கு ஆல்பம் கிடையாது, ஞாபகம் இருக்கிறது.

1890-களில் போர்ட்மன் பிரிட்டிஷ் மியூசியத்துக்காக அந்தமானியரை வரிசையாகப் படம் எடுத்தார். பின்னால் கட்டம் போட்ட துணி. முன்னால் ஒரு ஆள், நேராக ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம். கட்டத்தை எண்ணினால் உயரம் எவ்வளவு, தோள் அகலம் எவ்வளவு என்று லண்டனில் உட்கார்ந்தபடி கணக்குப் போடலாம். அளவுக் குறிப்பு தனியாக. படங்களைப் பார்த்தவர்கள் ஒன்றை ஒத்துக்கொள்வார்கள்: ஒளி பிரமாதமாக விழுந்திருக்கிறது. அச்சுக்கு பிளாட்டினம் பயன்படுத்தினார். நூறு வருஷம் ஆனாலும் மங்காது. மங்கியது எது என்பதை மக்கள்தொகைக் கணக்கு சொல்கிறது. வெள்ளையர் இறங்கியபோது கிரேட் அந்தமானியர் ஐயாயிரத்துக்குக் குறையாமல் இருந்திருப்பார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். 1901-இல் 625. 1931-இல் 90. 1961-இல் 19. அவர்களுடைய மொழிகளில் ஒன்றான 'போ'வைப் பேசிய கடைசி மனுஷி, போவா சீனியர் என்று அறியப்பட்டவர், 2010 ஜனவரி 26 அன்று இறந்தார். தலைநகரில் குடியரசு தின அணிவகுப்பு நடந்த நாள் அது.

"வெள்ளைக்காரன் கொடுமைக்காரன், அதற்கு நாம் என்ன செய்ய முடியும்?" என்று கேட்டுவிட்டுத் தப்பிக்கலாம். திண்டிவனத்தில் இருந்துகொண்டு அப்படித் தப்பிக்க முடியாது.

போர்ட்மன் தீவில் கட்டம் போட்ட துணி கட்டிய அதே காலத்தில், சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் கையில் அளவுகோலோடு நம் பக்கத்து ஜனங்களின் மூக்கை அளந்துகொண்டிருந்தார். 1909-இல் ஏழு தொகுதிகளாக வந்த அவருடைய புத்தகத்தில் இருளரும் உண்டு. அளந்து, எழுதி, அச்சடித்தாயிற்று. நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றைக்கு இருளர் வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டு திண்டிவனம் சப்-கலெக்டர் ஆபீஸ் வாசலில் நிற்கிறது. "நீ இருளர்தான் என்பதற்கு என்ன ஆதாரம்?" பாம்பு பிடிக்கத் தெரியுமா, எலி பிடிக்கத் தெரியுமா என்று விசாரணையில் கேட்டதைக் கதை கதையாகச் சொல்வார்கள். தெரியும் என்றால் காட்டிலேயே இரு என்று அர்த்தம். தெரியாது என்றால் நீ இருளரே இல்லை என்று அர்த்தம். மூக்கின் அளவைக் குறித்து வைத்திருக்கும் ஓர் அரசுக்கு, அந்த மூக்குக்குச் சொந்தக்காரரின் பேத்தியை அடையாளம் தெரியவில்லை.

இன்னொரு சம்பந்தமும் உண்டு. ஒன்றிய அரசிடம் 'மிகவும் நலிவுற்ற பழங்குடிகள்' என்று 75 சமூகங்களின் பட்டியல் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து ஆறு, அதில் இருளர் உண்டு. அந்தமான் நிக்கோபாரிலிருந்து ஐந்து. அதில் ஷோம்பென் உண்டு. கிரேட் நிக்கோபார் காட்டில் வாழும் ஷோம்பென்னும், மரக்காணம் போகும் வழியில் ஏரிக்கரையில் குடிசை போட்டிருக்கும் நம்மூர் இருளரும் ஒரே பட்டியலில் இருக்கிறார்கள். ஆகவே அந்தத் தீவின் கதை தூரத்துக் கதை இல்லை.

தீவுகளைப் பற்றி இப்போதைய அரசுக்கு அளவில்லாத பாசம். 2018-இல் மூன்று தீவுகளுக்குப் புதுப் பெயர். 2023 ஜனவரி 23 அன்று பெயரில்லாத 21 தீவுகளுக்குப் பரம்வீர் சக்ரா வீரர்களின் பெயர். 2024-இல் போர்ட் பிளேர், ஸ்ரீ விஜயபுரம் ஆனது. வீரர்களுக்கு மரியாதை செய்வதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்க முடியாது. தீவிலேயே குடியிருக்கும் வீரர்களுக்கு என்ன மரியாதை என்று மட்டும் கேட்கலாம். 1969-லிருந்து கிரேட் நிக்கோபாரில் முன்னாள் படைவீரர் குடும்பங்களைக் கொண்டுபோய்க் குடியேற்றினார்கள். பஞ்சாபிலிருந்து தமிழ்நாடு வரை பல மாநிலத்து ஆட்கள். காட்டைத் திருத்தித் தென்னை வைத்தார்கள், 2004 சுனாமியில் இழந்தார்கள், மறுபடி எழுந்தார்கள். இப்போது விமான நிலையத்துக்கு அவர்கள் நிலமும் வேண்டுமாம். பதக்கம் வாங்கிய வீரருக்குத் தீவு. குடியேறிய வீரருக்கு நோட்டீஸ்.

கிரேட் நிக்கோபாருக்கான திட்டம் என்ன? கலத்தியா விரிகுடாவில் பெரிய சரக்குப் பெட்டகத் துறைமுகம், பன்னாட்டு விமான நிலையம், மின் நிலையம், நகரியம். மதிப்பு சுமார் 72,000 கோடி ரூபாய் என்று சொல்லித் தொடங்கினார்கள். 166 சதுர கிலோமீட்டர் நிலம். அதில் 130 சதுர கிலோமீட்டருக்கு மேல் காடு. வெட்டப்படும் மரங்கள் 9.64 லட்சம் என்று அரசே நாடாளுமன்றத்தில் கணக்குச் சொன்னது. கலத்தியா விரிகுடா, உலகத்திலேயே பெரிய கடலாமையான தோல்முதுகு ஆமை முட்டையிட வரும் கரை. 1997-இல் சரணாலயமாக அறிவித்தார்கள். 2021 ஜனவரி 5 அன்று தேசிய வனவிலங்கு வாரியத்தின் நிலைக்குழு கூடி அந்தச் சரணாலயத்தைச் சரணாலயம் இல்லை என்று ஆக்கியது. ஆமை பாவம், அரசாணை படிக்கத் தெரியாமல் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

அப்புறம் அரசாங்கத்துக்கே கொஞ்சம் மனசு உறுத்தியது போலும். 2022-இல் பக்கத்துச் சின்னத் தீவுகளில் ஆமைக்கு ஒரு சரணாலயம், மெகாபோட் பறவைக்கு ஒன்று, பவளத்துக்கு ஒன்று என்று அறிவித்தது. சென்னையில் கூவம் கரைக் குடிசைகளை இடித்துப் பெரும்பாக்கத்தில் வீடு ஒதுக்கியது ஞாபகம் வருகிறதா? அதே திட்டம், ஆமைக்கும். அந்தத் தீவுகளுக்குச் சொந்தக்காரர்களான நிக்கோபாரிகளைக் கேட்டார்களா? கேட்கவில்லை என்று அவர்களே சொன்னார்கள். துறைமுகம் வரும் இடத்தில் 20,668 பவளக் கூட்டங்கள். அதில் 16,150-ஐப் பெயர்த்து வேறிடத்தில் வைப்பார்களாம். வெட்டும் மழைக்காட்டுக்கு ஈடாக மரம் நடுவது எங்கே? ஹரியானாவில். நிக்கோபார் பறவைக்கு டில்லி ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

இங்கேதான் அரசாங்கத்தின் புகைப்படக் கலையில் ஒரு நுட்பம் இருக்கிறது. எதைப் படம் எடுக்க வேண்டும் என்பதைவிட எதைப் படம் எடுக்கக் கூடாது என்பதில்தான் திறமை. ஆமையின் படம் வரும். நிக்கோபார் புறாவின் படம் வரும், அதுவும் வழவழ தாளில், முன்னுரையோடு. கேம்பல் பேயில் 2012-இல் தொடங்கிய கடற்படைத் தளம் ஐஎன்எஸ் பாஸ் பற்றிச் செய்தி வரும். ஆனால் துறைமுகத் திட்டத்தை மறுபடி ஆராய்ந்த உயர்நிலைக் குழுவின் அறிக்கை வராது. 2023-இல் பசுமைத் தீர்ப்பாயம் அமைத்த குழு அது, அறிக்கை ரகசியம். தகவல் அறியும் சட்டத்தில் கேட்டவர்களுக்குத் தேசப் பாதுகாப்பு என்று பதில். நிக்கோபாரிகளின் பழங்குடி மன்றம் முதலில் கொடுத்த தடையில்லாச் சான்றை 2022 நவம்பரில் திரும்பப் பெற்றுக்கொண்டது. தங்கள் பழைய ஊர்களையும் சேர்த்து எடுக்கிறார்கள் என்று அப்போது எங்களுக்குச் சொல்லவில்லை என்றது. அந்தக் கடிதத்தை யாரும் சட்டம் போட்டு மாட்டவில்லை.

பட்டாளம் என்று ஒரு சொல்லைச் சொன்னால் கேள்வி கேட்ட வாய் மூடிக்கொள்ளும் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். பெட்டகத் துறைமுகத்துக்கும் நகரியத்துக்கும் எந்தப் படைப்பிரிவு காவல் என்று கேட்டால் நீ தேசத்துரோகி. வேடிக்கை என்னவென்றால், அந்தமானின் ஜாராவாப் பழங்குடிகளைப் படம் எடுக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது; நல்ல சட்டம். அவர்கள் காட்டை இரண்டாகப் பிளந்துபோகும் அந்தமான் நெடுஞ்சாலையின் பகுதிகளை மூட வேண்டும் என்று 2002-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சாலையில் இன்றும் வண்டி ஓடுகிறது. 2012-இல், சாப்பாட்டுக்காக ஜாராவாப் பெண்களை ஆடச் சொன்ன காணொளி வெளியே வந்து நாடே தலை குனிந்தது. கேமராவைத் தடுக்கத் தெரிந்தது. வண்டியைத் தடுக்கத் தெரியவில்லை.

சரி, கடலைத் தாண்ட வேண்டாம். மயிலத்தைத் தாண்டினால் போதும். திருவக்கரை.

வக்கிரகாளியம்மன் கோயிலுக்குப் பௌர்ணமி தோறும் பஸ் பஸ்ஸாகக் கூட்டம். கோயிலுக்குக் கொஞ்ச தூரத்தில் தேசியக் கல்மரப் பூங்கா. இரண்டு கோடி ஆண்டுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. 1781-இல் சொனரா என்ற பிரெஞ்சுக்காரர் பார்த்து எழுதினார். 1940-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பூங்கா அமைத்தது. சுமார் 247 ஏக்கர் என்பார்கள். குனிந்து பார்த்தால் பட்டையின் வரியும் கணுவும் அப்படியே தெரியும். தொட்டால்தான் கல் என்று கை சொல்லும். எந்த மரத்துக்கும் வேரும் இல்லை, கிளையும் இல்லை. எங்கோ வளர்ந்து, பெருவெள்ளத்தில் அடித்துவரப்பட்டு, மணலில் புதைந்தவை என்கிறார்கள். வெள்ளம் அடித்தும், மண் மூடியும், இரண்டு கோடி வருஷம் தாங்கியவை. அவற்றைச் சுற்றித்தான் இப்போது கருங்கல் குவாரியும் கிரஷரும். டிப்பர் லாரி போகும் ரோட்டில் நின்றால் பக்கத்தில் இருப்பவர் முகம் தெரியாது. வேட்டு வைக்கும்போது கல்மரத்துக்கு எதுவும் ஆகாது என்று ஒருவேளை கோப்பில் சான்றிதழ் இருக்கலாம்.

இப்படிப்பட்ட இடங்களைக் காப்பாற்ற ஒரு சட்டம் வேண்டும் என்று அரசாங்கத்துக்கும் தோன்றியது. புவிமரபு இடங்கள் பற்றிய மசோதாவின் வரைவை 2022 டிசம்பரில் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தது. நாமும் பார்த்தோம். பார்த்ததோடு சரி. பூங்காவின் படம் மட்டும் சுற்றுலாத் துறை ஏடுகளில் பச்சைப்பசேல் என்று இருக்கும். கல்மரத்துக்கு அடுத்த பக்கத்தில் கழுவேலி. வானூர், மரக்காணம் பக்கம் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்த ஈரநிலம். 2021-இல் பறவைகள் சரணாலயம். 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியல். பூநாரை ஒற்றைக்காலில் நிற்கும் படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. கலத்தியா கதை தெரிந்தவர்களுக்கு ஒரு பயம் வராமல் இருக்குமா? அங்கேயும் ஆமைக்குச் சரணாலயம் என்று பலகை வைத்தார்கள். பலகை வைத்த கையே பிடுங்கியது.

செஞ்சிக்குப் போனால் வேறு வேடிக்கை. 2025 ஜூலையில் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. மகிழ்ச்சிதான். 'மராட்டிய இராணுவ நிலப்பரப்புகள்' என்ற தலைப்பின் கீழே பன்னிரண்டு கோட்டைகளில் ஒன்றாக. பதினொன்று மகாராஷ்டிரத்தில், ஒன்று செஞ்சியில். கோன்கள் இருந்த மலை, நாயக்கர் கட்டிய களஞ்சியம், பீஜப்பூர், சிவாஜி, எட்டு வருஷம் முற்றுகையிட்ட மொகலாயர், தேசிங்கு ராஜன், பிரெஞ்சுக்காரன், இங்கிலீஷ்காரன் என்று ராஜகிரியின் ஒவ்வொரு படியிலும் ஒருத்தன் ரத்தம் இருக்கிறது. படத்துக்குக் கீழே எழுதும் வரியில் ஒருவருக்குத்தான் இடம். யார் எழுதுகிறார்களோ அவர்களுக்குப் பிடித்தவர் பெயர்.

இனி ஏரிக்கரைக்கு வாருங்கள். போர்ட்மனின் கட்டம் போட்ட துணி எங்கே போனது என்று தேட வேண்டாம். அது செல்போனுக்குள் வந்துவிட்டது. நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களை 2023 ஜனவரி முதல் தினமும் இரண்டு முறை செயலியில் படம் எடுக்க வேண்டும் என்றானது, எந்த இடம் எந்த நேரம் என்பதோடு. காலையில் ஒன்று, மதியம் ஒன்று. புடவைக்கு மேல் வீட்டுக்காரரின் பழைய சட்டை, தலையில் துண்டு, கையில் மண்வெட்டி. வரிசையாக நிற்க வைக்கிறாள் பணித்தளப் பொறுப்பாளர் பெண். பத்தாவது படித்த அதே ஊர்ப் பெண்.

"ஆயா, துண்ட எடு. மூஞ்சி தெரியல."

"மூஞ்சி தெரியாமயா இத்தினி வருசமா இதே ஊர்ல இருக்கறேன்? உங்கம்மாவுக்கே நான்தான்டி மருந்து அரைச்சுக் குடுத்தேன்."

"எனக்குத் தெரியும் ஆயா. டில்லிக்குத் தெரியணுமே."

டவர் கிடைக்காவிட்டால் போனை உயரத் தூக்கிக்கொண்டு கரைமேல் ஓட வேண்டும். படம் ஏறாவிட்டால் அன்றைய உழைப்பு நடக்கவே இல்லை. மண் வெட்டிய குழி கண்ணெதிரே இருக்கும். ஆனால் கணக்கில் குழி இல்லை. படம் ஏறினால் நொடியில் டில்லி போய்விடுகிறது. கூலி அந்த வேகத்தில் திரும்பி வருவதில்லை. 2025 தொடக்கத்தில் தமிழ்நாட்டின் ஏரிக்கரைகளில் மாதக்கணக்காகக் கூலி வராமல் கிடந்தார்கள். முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. போட்டோவுக்கு 4ஜி, காசுக்கு மாட்டுவண்டி.

அடுத்த வேடிக்கை இதைவிடப் பெரியது. 2025 ஜூலையில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே ஒரு சுற்றறிக்கை விட்டது. வேலைக்குச் சம்பந்தமில்லாத படங்களை ஏற்றுகிறார்களாம். நேரில் ஆளை எடுக்காமல், ஏற்கெனவே எடுத்த படத்தையே படம் எடுத்து ஏற்றுகிறார்களாம். அதைத் தடுக்க என்ன செய்தார்கள்? படங்களைப் பார்க்க ஆள் போட்டார்கள். ஊராட்சியில் ஏறும் அத்தனை படத்தையும் ஒருவர் பார்க்க வேண்டும்; அவர் பார்த்தாரா என்று மேலே ஒருவர் பார்க்க வேண்டும். ஏரி தூர்ந்திருக்கிறதா என்று பார்க்க மட்டும் ஆளில்லை. வருஷக் கடைசியில் திட்டத்துக்கே வேறு பெயர் வைத்து, 125 நாள் என்று புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள். காந்தி பெயர் போனது. கேமரா போகவில்லை.

தீவில் நடந்ததும் ஏரியில் நடப்பதும் ஒன்றா என்று கேட்கலாம். அளவில் ஒன்றில்லை. அங்கே இனமே போனது. இங்கே கூலி போகிறது. ஆனால் கேமரா பிடித்திருக்கும் புத்தி ஒன்றுதான். எதிரே நிற்பவரை நம்பாதே, அள. அளந்த பிறகு அவர் சொல்வதைக் கேட்க வேண்டியதில்லை. படம் கைக்கு வந்த நொடியில் பொறுப்பு கையை விட்டுப் போகிறது. ஷோம்பென்னுக்கு வேண்டியது காடு. கொடுத்தது கண்காணிப்புக் குழு. இருளருக்கு வேண்டியது பட்டா, கொடுத்தது விசாரணை. ஆயாவுக்கு வேண்டியது கூலி, எடுத்தது படம்.

விழுப்புரம் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை தோறும் குறைதீர்ப்பு நாள். மனு கொடுக்கும் கை, மனு வாங்கும் கை, நடுவில் மனு என்று படம் எடுத்து அன்று மாலையே செய்திக் குறிப்பில் அனுப்பிவிடுகிறார்கள். வாங்கியதற்கு அத்தாட்சி உண்டு. முடித்ததற்கு? 2024 டிசம்பர் முதல் தேதி ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. மறுநாள் சாத்தனூரில் திறந்த தண்ணீர் தென்பெண்ணைக் கரை ஊர்களை மூழ்கடித்தது. படகில் உட்கார்ந்து பார்வையிட்ட படங்கள் எத்தனை வந்தன! எத்தனை மணிக்கு எவ்வளவு தண்ணீர் திறந்தார்கள், எந்த ஊருக்கு எத்தனை மணிக்குச் சொன்னார்கள் என்ற தாளை எந்தப் படகும் சுமந்து வரவில்லை.

நூற்றைம்பது ஆண்டு ஆல்பத்தைப் புரட்டினால் ஒரு முகம் மட்டும் எங்கும் அகப்படாது. கட்டம் போட்ட துணியின் முன்னால் நின்றவர் முகம் இருக்கிறது. ஜாக் முகம் இருக்கிறது. ஆமை, புறா, பூநாரை, ஆயா எல்லோரும் இருக்கிறார்கள். சரணாலயத்தை ரத்து செய்த தாளில் கையெழுத்துப் போட்டவர் இல்லை. ஹரியானாவில் மரம் நட்டால் போதும் என்று குறிப்பு எழுதியவர் இல்லை. குவாரிக்கு அனுமதி கொடுத்தவர் இல்லை. அவர்களெல்லாம் கூச்ச சுபாவம் உள்ளவர்கள் போலும்.

ஆகவே காப்பகத் துறைக்கு ஒரு சின்ன யோசனை. இனிமேல் கண்காட்சி வைக்கும்போது ஒவ்வொரு படத்துக்கும் கீழே மூன்று வரி சேருங்கள். இது இல்லாமல் போகக் காரணமான உத்தரவின் எண். அதன் தேதி. கையெழுத்திட்டவர் பெயரும் பதவியும். பிளாட்டினம் அச்சு வேண்டாம். சாதாரண மையில் போதும். கலத்தியா ஆமையின் படத்துக்குக் கீழே 2021 ஜனவரி 5 கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்களின் பட்டியல் வரட்டும். திருவக்கரைக் கல்மரத்துக்குக் கீழே குவாரி உரிமங்களின் எண் வரட்டும். ஏரிக்கரைப் படத்துக்குக் கீழே, கூலி எந்த மேஜையில் எத்தனை நாள் தூங்கியது என்று வரட்டும்.

அதுவரைக்கும் நம்மிடம் இருப்பது பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்பும் தகவல் அறியும் சட்டமும்தான். தேசப் பாதுகாப்பு என்று பதில் வந்தால் மேல்முறையீடு. திருவக்கரை குவாரியும் தேசப் பாதுகாப்புக்குள் வருகிறதா என்று தனியாக இன்னொரு மனு. மனுவோடு போய் நிற்கும்போது யாராவது போனைத் தூக்கிக்கொண்டு "சார், கொஞ்சம் இப்படிப் பாருங்க" என்றால், பார்க்காதீர்கள். முதலில் பதிலைக் கொடுக்கச் சொல்லுங்கள்.